நீ பைப்படியில் விட்ட சைக்கிள்

பிரகாஷ்,

போன செவ்வாய்க்கிழமை உன் மனைவி கவிதா எனக்குப் போன் செய்தாள். நீ வேலைக்குப் போயிருந்த நேரம். சாப்பாடு, கால் வலி, மழை என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ஒன்று கேட்க வேண்டும், உன்னிடம் சொல்லக்கூடாது என்றாள். அவளுக்கு ஆறாம் மாதம். நீ தரையில் ஒரு பொருளையும் விடுவதில்லையாம். கால்மிதியைக் கூடச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துவிட்டாயாம். வேலைக்குக் கிளம்பும் முன் ஒவ்வோர் அறையாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாயாம். பத்து மணிக்கு டீ குடிக்கப் போகும்போது அவளைக் கூப்பிட்டு, நடக்கிற வழியில் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்கிறாயாம். பிரசவம் வரைக்கும் அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும், பிறந்த பிறகும் அங்கேயே இருக்கட்டும், நீ பக்கத்தில் இருப்பது குழந்தைக்கு நல்லதில்லை என்று சொல்லியிருக்கிறாய். ஏன் என்று அவள் விடாமல் கேட்டிருக்கிறாள். "என் தங்கச்சியக் கொன்னவன் நான்" என்று சொன்னாயாம். எட்டு வருடமாகப் பிள்ளை வேண்டாம் என்று நீ தள்ளிப்போட்டதற்குக் காரணம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அது உண்மையா மாமா?" என்று கேட்டாள். லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அது உண்மை இல்லை. உன் தங்கையைக் கொன்றது நான். இதற்குமேல் நீ படிக்காமல் விட்டாலும் இந்த ஒரு வரி உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

இதை நேரில் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கூலிமுக்கு வந்தேன். நான் படியில் கழற்றிப் போட்ட செருப்பை நீ உடனே குனிந்து எடுத்து, ஓரமாகச் சுவரோடு சேர்த்து வைத்தாய். நாற்பது வயதை எட்டப் போகிறவன், முன்தலை நரைத்தவன். உன் மனைவி கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழா எப்போது என்று அர்த்தமில்லாமல் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். துப்பாக்கி பிடித்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர். நான் எவ்வளவு பெரிய கோழை என்பது உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பீடோங்குக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் உன் தாத்தா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். மரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தேன், அதைவிட அடர்ந்த மரத்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள். சயாம் எல்லைக் காடு. கம்யூனிஸ்டுக்காரர்கள் அந்தக் காட்டில்தான் இருந்தார்கள். அவர்களைக் கண்ணால் பார்த்தது குறைவு. அவர்கள் பாதையில் கட்டிவிட்டுப் போன கம்பிகளைத்தான் பார்த்தோம். முழங்காலுக்குக் கீழே, இலைக்கு அடியில், மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி மெல்லியதாக இருக்கும். கால் பட்டால் வெடிக்கும். எட்டுப் பேர் போனால் முதல் ஆள் நான். கம்பியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. எனக்கு நல்ல கண் என்று அதிகாரிகள் சொல்வார்கள்.

ஒருநாள் காலை ஒரு கம்பியைப் பார்க்காமல் தாண்டிவிட்டேன். என் கால் அதற்கு மேலாகப் போய்விட்டது, அவ்வளவுதான். எனக்குப் பின்னால் வந்த ஹாலிமின் கால் அப்படிப் போகவில்லை. பெண்டாங்கில் நெல் விவசாயி மகன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அண்ணன் முறை வைத்து என்னை 'அபாங்' என்று கூப்பிடுவான். இரண்டு கால்களும் போய்விட்டன. ஹெலிகாப்டர் இறங்க இடம் வெட்டி முடிக்கும்வரை என் மடியில்தான் கிடந்தான். மறுநாள் செத்துப்போனான். அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஹாலிம் பாதையை விட்டு விலகி நடந்தான், நான் எச்சரித்தேன், கேட்கவில்லை என்றேன். நம்பினார். என் நல்ல கண்ணின் மேல் எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை. பிறகு அவன் சாமான்களைக் கொடுக்கப் பெண்டாங்குக்குப் போனபோது, அவனுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, மகன் சொல் பேச்சுக் கேட்காமல் போனானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், பிரகாஷ். தன் மகனால் எனக்குத் தொந்தரவு என்று. அவர்கள் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

காட்டைச் சொன்னால் நீ எனக்காக இரக்கப்படத் தொடங்கிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அந்தக் காட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வந்து பிள்ளைகளைப் படிக்க வைத்து, கோழி வளர்த்து, தூக்கத்தில் கத்தினாலும் காலையில் மனிதர்களாக எழுந்தவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ததைக் காடு செய்யவில்லை.

ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் அம்மாவைக் கட்டிக்கொண்ட புதிதில், லீவில் தோட்டத்துக்கு வந்திருந்தேன். ஆற்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், என் கால்தடத்தில் மட்டும் கால் வைத்து வா என்று அவளிடம் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு பூவைப் பறிக்க ஓர் அடி விலகினாள். அறைந்தேன். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். கல்யாணமாகி ஒன்பது நாள். அதன்பிறகு அவள் என்னோடு நடக்கும்போது சிரித்து நான் பார்க்கவில்லை.

பட்டாளத்தை விட்டு வந்தபோது உனக்கு நாலு வயது. பாக்கார் ஆராங்கில் இந்த வீட்டை எடுத்தோம். சுங்கைப் பட்டாணியில் ஒரு பேக்டரியில் எனக்கு ஜாகா வேலை, இரவு முழுக்கக் காவல். பகலில் வந்து படுத்தால் தூக்கம் வராது. முன் வாசலில் கணுக்கால் உயரத்துக்குத் தூண்டில் நரம்பைக் கட்டி, அதன் முனையில் காலிப் பால் டின்களைத் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகுதான் தூங்கினேன். அந்தக் கயிறு உனக்கும் ஞாபகம் இருக்கும். ஸ்கூல் விளையாட்டுப் போட்டி மாதிரி நீ தாண்டிக் குதிப்பாய். உன் அம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவாள். அக்கம்பக்கத்தில் யார் பார்த்தாலும் அவளுக்கு வெட்கமாக இருக்கும். கடைக்குப் போகிற அவசரத்தில்கூட ஒரு நாளும் அவள் கால் அதில் பட்டதில்லை.

அந்தக் கயிற்றையும் நான் நம்பாமல் போனேன். ஒருநாள் மதியம், ஏழு மாத வயிற்றோடு உன் அம்மா பின்வாசல் வழியாக வந்து, சம்பள நாளா என்று கேட்க என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். விழித்தபோது என் கை அவள் கழுத்தில் இருந்தது. விட்டுவிட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு வெட்கம் வரவில்லை, பிரகாஷ். பயம்தான் வந்தது. ஒருத்தி இவ்வளவு பக்கத்தில் வந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று. இரண்டு நாள் கழித்து, பின்வாசலிலிருந்து அடுப்படிக்கு வருகிற சந்திலும் டின்களோடு ஒரு நரம்பைக் கட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கே பல வருடம் சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் கட்டினால் அது காவல் இல்லை என்று நினைத்தேன். கட்டிவிட்டுப் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

டின் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். காய்ந்த துணிகளோடு அவள் சந்தில் குப்புற விழுந்து கிடந்தாள். வயிறுதான் முதலில் சிமெண்டில் மோதியிருக்கிறது. நான் அவளைத் தூக்கவில்லை. முதலில் நரம்பை அறுத்தேன். டின்களை எடுத்து அடுப்படித் தொட்டிக்குக் கீழே தள்ளினேன். பின்வாசலுக்கு வெளியே, பைப்புக்குப் பக்கத்தில் உன் மூன்று சக்கர சைக்கிள் நின்றது. காலையில் நீ அங்கே ஓட்டிவிட்டு ஒழுங்காகச் சுவரோரம் நிறுத்தியிருந்தாய். அதை உள்ளே இழுத்துவந்து அவள் காலடியில் சாய்த்துப் போட்டேன். அவள் முனகிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் அவளைத் தொட்டேன். இவ்வளவும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒருமுறை சொல்லித் தப்பித்தவனுக்கு இரண்டாவது பொய் யோசிக்காமலே வந்துவிடுகிறது.

நீ முன்னறையில் படம் வரைந்துகொண்டிருந்தாய். சத்தம் கேட்டு வந்து சந்தின் முனையில் நின்றாய், கையில் பச்சைக் கலர் பென்சில் இருந்தது. சைக்கிளை ஏன் இங்கே விட்டாய் என்று கத்தினேன். "நான் இங்க விடலப்பா, பைப்புகிட்டதான் விட்டேன்" என்று சொன்னாய். அடித்தேன். மறுபடியும் அதையே சொன்னாய். மறுபடியும் அடித்தேன். உன் அம்மா கீழே இரத்தத்தில் கிடக்கிறாள், நான் உன்னை அடித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது அடியில், "நான்தான்பா விட்டேன்" என்று ஒப்புக்கொண்டாய். அதற்குள் பக்கத்து வீட்டு ஜமால் அண்ணன் ஓடி வந்துவிட்டார். சாப்பாட்டுக் கடைக்குச் சாமான் ஏற்றுகிற அவருடைய வேனில்தான் உன் அம்மாவைக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர், சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தது, அடிக்காதே என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தார். நான் தலையை ஆட்டினேன்.

பெண் குழந்தை. உயிர் இல்லாமல் பிறந்தது. தலை நிறைய முடி இருந்தது. அதை நான் கையில் வாங்கவில்லை, தாதி நீட்டியபோது கைகட்டி நின்றேன்.

மூன்றாம் நாள் வார்டில் உன் அம்மா என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். போர்வையை விலக்கிக் காலைக் காட்டினாள். கணுக்காலுக்கு மேலே மெல்லிய கோடு ஒன்று சிவப்பாக ஓடியது. "சைக்கிள் இப்படி வெட்டாதுங்க" என்றாள். "அவனுக்கு ஆறு வயசு. அவன் மேல ஏங்க போட்டீங்க?" என்று கேட்டாள். போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போனால் நீயும் அவனும் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போய், மரத்தடியில் உறைந்த கட்டிப்பால் பொறுக்க வேண்டியதுதான், யோசித்துக்கொள் என்றேன். சின்னப் பிள்ளை, நாலு நாளில் மறந்துவிடுவான் என்றேன். அவள் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். அதன்பிறகு இருபத்தெட்டு வருடம் உன் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் உனக்குத் துரோகம் செய்தாள். அதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கடிதமும் இன்னொரு பொய்யாகிவிடும். ஆனால் அந்தத் துரோகத்தை அவள் கையில் திணித்தவன் நான்.

நீ மறக்கவில்லை. அடுத்த வாரமே உன் விளையாட்டுச் சாமான்களை எல்லாம் ஓர் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி, என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாய். நான் அதை வாங்கிப் பரணில் போட்டேன். தினமும் சாயங்காலம் வீட்டுத் தரை முழுவதையும் நீ பார்த்து என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். பட்டாளத்தில் எங்களுக்கு நடக்கிற சோதனை மாதிரி. ஒரு செருப்பு குறுக்கே கிடந்தால் கையைத் தூக்கிக்கொண்டு அரைமணி நேரம் நிற்க வேண்டும். நீ ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. வருகிறவர்களிடம் உன்னைக் காட்டிப் பெருமை பேசுவேன், என் மகன் எவ்வளவு ஒழுங்கு பாருங்கள் என்று. என் அக்கா ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது, எல்லார் முன்னாலும், அன்றைக்கே இந்த ஒழுங்கு இருந்திருந்தால் வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருந்திருக்கும் என்று சொன்னாள். உனக்கு அப்போது பத்து வயது. கையில் முறுக்கு வைத்திருந்தாய், அதைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டாய். உன் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் என் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவை எல்லாவற்றையும்விட மோசமான நாள் ஒன்று உண்டு. உனக்கு அது நல்ல நாளாக ஞாபகம் இருக்கலாம். உனக்குப் பதினேழு வயது. பரீட்சை முடிந்து, உன்னை மோட்டாரில் பின்னால் உட்காரவைத்து பீடோங் சந்தைக்குக் கூட்டிப்போனேன். கடையில் ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். நீ மேசையைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, அன்னைக்கி நீங்க என்னப் போலீஸ்ல சொல்லாம காப்பாத்துனீங்க. நான் தேங்ஸ் சொன்னதே இல்ல" என்றாய். பதினொரு வருடம் அதை மனதில் வைத்து, எனக்கு நன்றி சொல்ல ஒரு நேரம் தேடியிருக்கிறாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல, போனது போச்சு. இனிமே கவனமா இரு" என்றேன். ரொட்டி வந்தது. உன்னுடையதில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாய். சாப்பிட்டேன்.

உன் அம்மா படுக்கையில் விழுந்து, வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்தப்படுத்தக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோமே, அந்தக் கடைசி மாதங்களில் ஒருநாள் காரில் என்னிடம் சொன்னாள். "நான் போனப்புறமாவது அவன்கிட்ட சொல்லிருங்க." நீயே சொல்லலாமே என்றேன். "நான் சொன்னா, ஏம்மா இத்தன வருஷம் சொல்லலேன்னு கேப்பான். அதக் கேட்டுட்டு என்னால சாக முடியாதுங்க" என்றாள். சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன். அவள் போய் ஐந்து வருடம் ஆகிறது. ஒவ்வொரு திதிக்கும் நீ மொட்டை மாடியில் சோறு வைத்துவிட்டு, கீழே வந்து, "அம்மா என்ன மன்னிச்சிருப்பாங்களாப்பா?" என்று கேட்கிறாய். ஒவ்வொரு தடவையும் மன்னித்திருப்பாள் என்று சொல்லியிருக்கிறேன். பெரிய மனசு பண்ணிச் சொல்கிற மாதிரி.

அப்பன் என்றால் புத்தி சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்றாலும் சிலதைச் சொல்கிறேன். கவிதாவை அம்மா வீட்டுக்கு அனுப்பாதே. அலமாரியில் இருக்கிற கால்மிதியை எடுத்துக் கீழே போடு. குழந்தை நடக்கத் தொடங்கினால் எல்லாவற்றையும் இறைக்கும், இறைக்கட்டும், நீயும் கூட உட்கார்ந்து இறை. யார் தடுக்கி விழுந்தாலும் முதலில் போய்த் தூக்கு. குழந்தை 'நான் செய்யவில்லை' என்று சொன்னால், முதல் தடவையே நம்பு. இரண்டாவது தடவை சொல்ல வைக்காதே. கோபம் வந்தால் வீட்டை விட்டு வெளியே போய் நில். பயம் வந்தால் பெண்டாட்டியிடம் சொல். நான் உன் அம்மாவிடம் ஹாலிமைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் என்னைச் சகித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன், அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ. சகிப்பைவிடப் பயம் எனக்கு வசதியாக இருந்தது.

பெண்டாங்குக்கு இரண்டு வருடத்துக்கு முன் போனேன். ஹாலிமின் அப்பா எப்போதோ இறந்துவிட்டார். வீட்டில் அவன் தங்கை இருந்தாள், பேரன் பேத்தி எடுத்தவள். அண்ணன் சொல் பேச்சுக் கேளாமல் பாதையை விட்டு விலகிச் செத்தான் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்த்தாளாம். அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. செத்தவன் தங்கை முகத்தை இனிமேல் பார்க்கத் தேவையில்லை. உன் முகத்தைப் பார்த்தாக வேண்டுமே.

இதுவரை எழுதியதை ஞாயிறு, திங்கள், நேற்று என்று மூன்று நாளாக எழுதினேன். தபாலில் போட மனம் வரவில்லை. நீ தனியாக இருக்கும்போது கையில் கிடைத்துவிடக் கூடாது என்று தோன்றியது. அதனால் இன்று காலை கவிதாவுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். தானே கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது எனக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டாள். நடுவில் இரண்டு தடவை வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை.

படித்து முடித்ததும், உன்னிடம் இதை இன்றைக்கே கொடுத்துவிடுவதாகவும், நீ படிக்கும்போது பக்கத்திலேயே இருப்பதாகவும் சொன்னாள். குழந்தை பிறந்தால் எனக்குச் சொல்லி அனுப்ப மாட்டோம், தெரிந்தாலும் நான் வரக்கூடாது என்றாள். சரி என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை. தாள்களை மறுபடியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிருன்னு ஒரு வார்த்தகூட எழுதலியே மாமா" என்று கேட்டாள்.

"எழுதுனா மன்னிச்சுருவான்மா" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். இந்தக் கடைசித் தாளுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா